கானாடுகாத்தான் ‘காபந்து சர்க்கார்’ நடை: காசு கொடுத்துப் போகலாமா?

போகலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். ஆனால் படம் எடுக்க மட்டும் செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் ஆத்தங்குடிப் பக்கம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற வீட்டுக்கே போய்விடுவது நல்லது. ஒருவர் ஊரைக் கூட்டிக் காட்டிக் கதை சொல்கிற இந்த நடையில் நடப்பதைவிட உட்கார்ந்து கேட்பதுதான் அதிகம், கேட்பதும் 1937ஆம் வருஷத்து அரசியல்.

நடத்துகிறவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் ‘சார்’, அதனால் எங்களுக்கும் சார். விளம்பரப் பலகையோ வெப்சைட்டோ எதுவும் கிடையாது. கானாடுகாத்தானில் எந்த டீக்கடையில் கேட்டாலும் நம்பர் கொடுக்கிறார்கள். ஆளுக்கு 600 ரூபாய், சாப்பாடு வேண்டுமென்றால் தனியாக 450. சனி, ஞாயிறு காலை மட்டும். வழக்கமான வீடு பார்க்கிற நடையும் வைத்திருக்கிறார், அதற்கு 400 ரூபாய்தான். இந்த விலை கூடிய நடைக்கு அவர் வைத்திருக்கிற பெயர்தான் மேலே தலைப்பில் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த என் மச்சான் பெயரைக் கேட்டுவிட்டு, “செட்டிநாட்டுக்கும் காபந்து சர்க்காருக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்றான். காரைக்குடிக்காரனான எனக்கே பாதிதான் தெரியும் என்பதால் பதில் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனேன்.

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. 1937 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை மாகாணத்தில் ஓர் இடைக்கால மந்திரிசபை, அதுதான் காபந்து சர்க்கார், பதவி ஏற்றது, ஜூலை 14ஆம் தேதி இறங்கிவிட்டது. மூன்றரை மாதம். அதில் மந்திரிகள் ஆறே பேர், அந்த ஆறில் ஒருவர் செட்டிநாட்டுக் குமாரராஜா முத்தையா செட்டியார், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். நடை தொடங்குவது அந்தக் குடும்பத்து அரண்மனை இருக்கிற தெருவில்தான். உள்ளே கூட்டிப் போகமாட்டார், வெளியே நின்றுதான் பேச்சு. இதை முன்பே சொல்லிவிடுகிறார், அதனால் குறையாகச் சொல்ல முடியாது.

ஆரம்பம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நேராக மந்திரிசபைக்குப் போகாமல், அதே தெருவில் வேறொரு வீட்டு முகப்புக்கு எதிரே நிறுத்தி மேலே பார்க்கச் சொல்கிறார். நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, அதற்கும் வெளியே இரண்டு சுதைச் சிப்பாய்கள், வெள்ளைக்காரச் சட்டை, இடுப்பில் பெல்ட், கையில் துப்பாக்கி. ஒருவனுக்குத் துப்பாக்கியின் பாதிதான் மிச்சம், உள்ளே இருந்த இரும்புக் கம்பி துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொருவனின் தொப்பி மேல் அரசங்கன்று ஒன்று முளைத்திருக்கிறது. “இந்த வீட்டுக்காரருக்கு அன்னிக்கு யாரு ராஜா? சொல்லுங்க பாப்போம்” என்றார். ஒருவர் செட்டிநாட்டு ராஜா என்றார், இன்னொருவர் சிவகங்கை என்றார். அதைப் பிடித்துக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டார் மனிதர். எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பரில் முடியைத் துறந்தது, தம்பி ஆறாம் ஜார்ஜ் வந்தது, அந்த ஜார்ஜின் பெயரில் ஆண்ட கவர்னர் எர்ஸ்கின் பிரபு சென்னையில் இருந்தது, 1935ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டம், எல்லாம் நின்ற இடத்திலேயே பத்து நிமிஷத்துக்குள். நல்ல வாத்தியார் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) உள்ள ஒரு வீட்டுக்குள், பட்டாலை என்கிற கூடத்தில் உட்கார வைத்துத் தேர்தல் கதை. அந்தச் சட்டப்படி 1937 தொடக்கத்தில் மாகாணத் தேர்தல் நடந்தது. சென்னைச் சட்டசபையில் மொத்தம் 215 இடம், காங்கிரஸுக்கு 159. பதினைந்து பதினாறு வருஷமாகப் பெரும்பாலும் ஆட்சியில் இருந்த நீதிக்கட்சி அடியோடு சாய்ந்தது. பிரதமராக இருந்த பொப்பிலி ராஜாவே (மாகாணத்துக்குத் தலைமை மந்திரியை அப்போது பிரதமர் என்றுதான் சொன்னார்கள்) சொந்த ஊரான பொப்பிலியில் வி.வி.கிரியிடம் தோற்றார், பின்னாளில் ஜனாதிபதியான அதே கிரிதான். சரி, இவ்வளவு ஜெயித்த காங்கிரஸ் ஏன் உடனே ஆட்சிக்கு வரவில்லை? கவர்னருக்குச் சட்டம் கொடுத்திருந்த தனி அதிகாரங்களைக் காட்டி மந்திரிகள் வேலையில் தலையிட மாட்டோம் என்று வாக்குறுதி வேண்டும் என்றார்கள். கவர்னர், அப்படி வாக்குக் கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை என்றார். ராஜாஜி போய்ப் பேசியும் நடக்கவில்லை. ஏப்ரல் 1 பிறக்கிறது, புதுச் சட்டம் அமலுக்கு வந்தாக வேண்டும், நாற்காலியோ காலி.

இந்த இடத்தில்தான் சார் தன் பையிலிருந்து ஒரு சார்ட் பேப்பரை எடுக்கிறார். பள்ளிக்கூடத்தில் மாட்டுகிற அதே சார்ட், மடிப்பு விழுந்த இடமெல்லாம் செலோடேப், ஸ்கெட்ச் பேனாவில் ஆறு பெயர். கூர்மா வெங்கட்ட ரெட்டி நாயுடு பிரதமர். உள்துறையும் நிதியும் சர் ஏ.டி.பன்னீர்செல்வம். ஸ்தல ஸ்தாபனம் (உள்ளாட்சி) குமாரராஜா. மராமத்து (பொதுப்பணி) கலிபுல்லா சாகிப். வளர்ச்சித் துறை எம்.சி.ராஜா. கல்வியும் சுகாதாரமும் ஆர்.எம்.பாலட், இவர் சர் சி.சங்கரன் நாயரின் மகன். குமாரராஜாவின் பெயர் மட்டும் சிவப்பு மையில். “இவருக்கு அப்ப வயசு 31தான் தம்பி, அதுக்குள்ள மெட்ராசுக்கு மேயரா இருந்துட்டு வந்துட்டாரு” என்று சொல்லும்போது குரலில் ஊர்ப் பெருமை வழிகிறது. வழியட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் பெருமை ஒரு இடத்தில் இடிக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. இதற்காகவே 600 கொடுக்கலாம் என்பேன். கவர்னர் முதலில் பிரதமராகக் கூப்பிட்டது வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியை. அவர் மாட்டேன் என்றுவிட்டார். அன்றைக்கு அவர் என்ன வேலையில் இருந்தார்? சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அதை 1929இல் தொடங்கியது யார்? இந்தக் கானாடுகாத்தான் ராஜா. பதவியை ஏற்றுக்கொண்ட ரெட்டி நாயுடு, 1940இல் சாஸ்திரிக்குப் பிறகு போய் உட்கார்ந்த நாற்காலி எது? அதே துணைவேந்தர் நாற்காலி. ஆக, வேண்டாம் என்றவரும் சரி, சரி என்றவரும் சரி, செட்டிநாட்டு ராஜா தொடங்கிய பல்கலைக்கழகத்துக்குத் தலைமை தாங்கியவர்கள், மந்திரிசபைக்குள்ளேயோ அவர் மகன். இதைச் சொல்லும்போது சார் சார்ட்டின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். என் மச்சான் அப்போதுதான் போனைக் கீழே வைத்தான்.

ரெட்டி நாயுடு சும்மா பொம்மை இல்லை என்பதையும் நியாயமாகச் சொன்னார். தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜெண்டாக இருந்தவர், கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினர், 1936இல் எர்ஸ்கின் விடுப்பில் போனபோது சில மாதம் கவர்னராகவே பொறுப்புப் பார்த்தவர். நம்பகமான ஆள் வேண்டும் என்று தேடினால் இவரிடம்தான் போய் நிற்பார்கள்.

அப்புறம் கூட்டத்தில் ஒரு பெண் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: மெஜாரிட்டி இல்லாமல் சட்டசபையில் எப்படித் தாக்குப் பிடித்தார்கள்? சார் சிரித்தார். சட்டசபையைக் கூட்டினால்தானே. சபை முதல்முறையாகக் கூடியது ஜூலை 15, ராஜாஜி பதவி ஏற்ற மறுநாள். இந்த ஆறு பேரும் மந்திரிகளாக அந்தச் சபையை ஒரு நாள்கூட எதிர்கொள்ளவில்லை. உறுப்பினராக இல்லாதவர்கூட ஆறு மாதம் வரை மந்திரியாக இருக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது, அந்த இடைவெளியில்தான் வண்டி ஓடியது. ஏப்ரல் 1ஆம் தேதி காங்கிரஸ் நாடு முழுக்க ஹர்த்தால் என்றது, மே 12ஆம் தேதி லண்டனில் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா, இரண்டும் இந்த ஆறு பேர் காலத்தில். ஜூன் கடைசியில் வைசிராய் லின்லித்கோ இறங்கி வந்து ஓர் அறிக்கை விட்டார், சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ்காரர்கள் பதவி ஏற்கலாம் என்று உள்ளே இருந்து நெருக்கினார்கள், ஜூலையில் காங்கிரஸ் செயற்குழு சரி என்றது, கதை முடிந்தது.

கதை முடிந்த இடத்தில்தான் சாவி வருகிறது. இந்த நடையின் உச்சம் இதுதான். மூடிக்கிடக்கிற ஒரு வீட்டுக்குப் போகிறோம், சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் மேற்குப் பக்கத்துக் குடிசையிலிருந்து வருகிறார், கையில் ஒரு கொத்துச் சாவி, அதில் ஒன்று என் உள்ளங்கையைவிட நீளம். கதவின் ஒரு பக்கத்தைத் தோளால் தூக்கிக் கொடுத்தால்தான் பூட்டு திரும்புகிறது, அந்த நுணுக்கம் அவருக்கு மட்டும்தான் தெரியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு வரை அவரே விளக்குப் போட்டுக்கொண்டு போகிறார். இரட்டை வீடுகளுக்கு, அதாவது பங்காளிகளுக்கென்று பிரித்த அறைகளுக்கு, மட்டும் சாவி அவரிடம் இல்லை. ஒவ்வொரு பங்காளியும் தன் அறைச் சாவியைத் தானே வைத்திருக்கிறார். சுவரில் ஒரு ஆணி அடிக்கவும் இவருக்கு உரிமை கிடையாது, ஓடு விழுந்தால் போன் பண்ணிக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும், அதற்குள் மழை வந்துவிடும். அவர் புலம்பிக்கொண்டிருக்கும்போது சார், “மூன்றரை மாசம் அந்த ஆறு பேரும் இப்படித்தான்யா வீடு பாத்தாங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த கட்டுக்கு நடந்தார். மேலே விளக்கவில்லை. சில வாத்தியார்களுக்குத்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

இனி குறைகள்.

முதல் குறை, நான் சொன்ன அந்தப் பெருமை. காங்கிரஸ் தரப்பை அவர் பிடிவாதம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார். 215இல் 159 ஜெயித்தவன், ‘நான் போடுகிற உத்தரவை உன் கவர்னர் கிழித்துப் போடமாட்டார் என்று சொல்’ என்று கேட்பது எப்படிப் பிடிவாதம் ஆகும்? தோற்ற பக்கத்தைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருக்கலாம். கேட்டேன். “அவங்க இல்லேன்னா நேரா கவர்னர் ஆட்சிதானே வந்திருக்கும்?” என்றார். அதுவும் யோசிக்க வேண்டியதுதான். 1939இல் யுத்தத்தை ஒட்டி காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்த பிறகு 1946 வரை அப்படித்தான் கவர்னர் ஆட்சி ஓடியது. ஆனாலும் இது கேட்கிறவன் கேட்டு வாங்கவேண்டிய பதிலாக இருக்கக்கூடாது, கதையிலேயே வரவேண்டும்.

இரண்டாவது குறைதான் பெரியது, இதற்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். அதே 1937 ஏப்ரல் 1, அதே நாள், பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. சென்னையில் ரெட்டி நாயுடு வந்தார் என்றால், பிரிந்துபோன பர்மாவுக்கு முதல் பிரதமராக வந்தவர் பா மா. கானாடுகாத்தானில் நின்றுகொண்டு ஏப்ரல் 1ஐப் பற்றி இரண்டரை மணி நேரம் பேசுகிறவர் இதைச் சொல்லாமல் எப்படி விட முடியும்? இந்த ஊர்த் தூணெல்லாம் பர்மா தேக்கு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போனவர்கள் வட்டிக்குக் கொடுத்த பணம் பூராவும் அங்கே நெல் வயலில் கிடந்தது. 1930இல் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மாக்காரர்களால் கட்ட முடியவில்லை, பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1938க்குள் கிட்டத்தட்ட 25 சதவீதம் ஆகிவிட்டது. யாருக்கும் வேண்டாத சொத்து, விற்றால் விலை போகாது, உள்ளூர்க்காரனுக்கோ வயிற்றெரிச்சல். அப்படிப்பட்ட நேரத்தில் அந்த நாடு வேறு நாடாகிறது. அன்றைக்குக் காலையில் இந்தத் தெரு முகப்பில் உட்கார்ந்திருந்த ஒரு செட்டியாருக்கு எந்தச் செய்தி பெரிதாக இருந்திருக்கும், குமாரராஜா மந்திரியானதா, ரங்கூன் மொகல் தெருவில் இருக்கிற தன் கடை வெளிநாட்டுக் கடையானதா? நான் ரங்கூனைத்தான் சொல்வேன்.

இதையும் சாரிடம் கேட்டேன். தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரிந்திருக்கிறது. “அது தனி நடை தம்பி, ஐப்பசிக்கு மேல ஆரம்பிக்கிறேன்” என்றார். வியாபாரம் புரிகிறது, இந்த மண்ணில் வியாபாரத்தைக் குறை சொன்னால் யார் கேட்பார்கள். ஆனால் இரண்டையும் பிரித்தால் இரண்டும் பாதிதான். 1942இல் ஜப்பான் வந்தபோது காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் கதையை வேண்டுமானால் தனியாக வைத்துக்கொள்ளட்டும். ஏப்ரல் 1 ஒரே நாள், அதை ஒரே நடையில்தான் சொல்ல வேண்டும்.

இதில் வேடிக்கை, மத்தியானம் இலையில் வந்தது முழுக்கப் பர்மா. சாப்பாடு போடுவது சாரின் பக்கத்து வீட்டு ஆச்சி. முதலில் கவுனி அரிசி, தேங்காய்ப் பூவும் சீனியும் போட்டு, வாயில் வைத்தால் ஒவ்வொரு அரிசியாகக் கடிபடுகிற பதம்; பல இடங்களில் குழையவிட்டுக் களியாக்கிக் கொடுக்கிறார்கள், இங்கே அப்படி இல்லை. கடைசியில் ரங்கூன் புட்டு, ரவை நெய்யில் நன்றாக வறுபட்ட வாசனையோடு. நடுவில் மாங்காய்ச் சாம்பார், வாழைப்பூ உசிலி, மண்டி (அரிசி களைந்த தண்ணீரில் புளி விட்டு வைக்கிறது), எதிலும் குறை சொல்ல இல்லை, மண்டியில் மட்டும் புளி ஒரு சுற்றுக் கூடுதல். “இன்னும் ரெண்டு கரண்டி வச்சுக்கங்க, தம்பி ஒண்ணும் சாப்பிடலயே” என்று நின்று பரிமாறுகிறார். இரண்டரை மணி நேரமாக ரங்கூன் என்ற பேரே வராத நடையை முடித்துவிட்டு ரங்கூன் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோமே என்று மச்சானிடம் சொன்னேன், ஆச்சி காதில் விழுந்துவிட்டது. “எங்க ஐயா மோல்மீன்லதான் பெட்டியடில இருந்தாக” என்று பர்மா வட்டிக்கடைக் கதையைத் தொடங்கினார் பாருங்கள், சார் ஐப்பசிக்குத் தள்ளிவைத்திருக்கிற நடையில் பாதி அந்த அடுப்படி வாசலிலேயே கிடைத்துவிட்டது. 450 ரூபாய்க்கு அது கணக்கில் சேராத லாபம். ஆகவே சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

சில்லறை விஷயங்கள். சாருக்குக் குரல் மெல்லியது, பதினைந்து பேர் சேர்ந்துவிட்டால் பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது; ஒரு கையடக்க மைக் வாங்கினால் தீர்ந்தது, எவ்வளவு ஆகிவிடப் போகிறது. கழிப்பறை ஆச்சி வீட்டில்தான், அதாவது நடை முடிந்த பிறகுதான், பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கவும். வளவுக்குள் செருப்பு கூடாது. முற்றத்துக் கல் பத்து மணிக்கு மேல் சுட்டுப் பொசுக்குகிறது, சாக்ஸ் போட்டு வந்த ஒருவர் மட்டும் நிம்மதியாக நடந்தார்.

நான்கு பக்க ஜெராக்ஸ் ஒன்று 30 ரூபாய்க்கு வைத்திருக்கிறார், வாங்குங்கள். மற்ற மாகாணங்களிலும் இதே கூத்து நடந்தது அதில் இருக்கிறது: பம்பாயில் தன்ஜிஷா கூப்பர், பீகாரில் முகமது யூனுஸ், ஐக்கிய மாகாணத்தில் சத்தாரி நவாப், ஒரிசாவில் பர்லாகிமிடி மகாராஜா. ராஜாவும் நவாபும் சர் பட்டக்காரர்களுமாகப் பட்டியலைப் பார்த்தாலே கவர்னர்கள் யாரைத் தேடிப் போனார்கள் என்று தெரிந்துவிடுகிறது. நடையில் இதற்கு இரண்டு நிமிஷம்தான் கொடுக்கிறார். எம்.சி.ராஜா, கலிபுல்லா, பன்னீர்செல்வம் மூவருக்கும் அவ்வளவுதான். பன்னீர்செல்வம் 1940இல் லண்டனுக்குப் போகும்போது விமான விபத்தில் இறந்ததைச் சொல்கிறார், தாழ்த்தப்பட்டவர்களுக்காக அவ்வளவு பேசிய எம்.சி.ராஜா ஏன் இந்த மந்திரிசபைக்குள் வந்தார் என்பதைத் தொடுவதே இல்லை. ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும் சிவப்பு மை என்றால் இப்படித்தான் ஆகும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். திருச்சி பக்கமிருந்து வருகிறவர்கள் செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்துவிடலாம், ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது, நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஏறுங்கள். முகூர்த்த நாளில் புக் பண்ணாதீர்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கிற சடங்கு) என்று சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டால் அந்தச் சாவிக்கொத்து வீடு உங்களுக்குக் கிடையாது, அதற்குப் பதிலாக சார் வேறு வீட்டைக் காட்டுகிறார், பணத்தில் மட்டும் எதுவும் குறைப்பதில்லை. முதல் நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.